பீச்சாங்கைப் பாடம்

என் வயதுக்காரர்களுக்கு ஆயில் இன்ஜினைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று மேட்டுக் கொட்டகையில் பச்சை பெயின்ட் உதிர்ந்துபோய் உட்கார்ந்திருக்குமே, அதுதான். கரண்ட் மோட்டார் வந்ததும் எல்லா ஊரிலும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைக் கிளப்ப வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. அதைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றி, சக்கரம் வேகம் எடுத்ததும் சட்டென்று உருவிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும். அந்த உதையில் கை போனவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள்.

எங்கள் ஊரில் அது என் அப்பா.

விழுப்புரத்திலிருந்து கெடார் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் அந்தக் கிணறும் இருந்தன. ஆனால் ஊரில் யாரும் அவரை விவசாயி என்று சொன்னதில்லை. சிலம்ப வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அறுப்பு இல்லாத மாதங்களில் சாயங்காலமானால் களத்துமேட்டில் வாலிபர்கள் சேர்ந்துவிடுவார்கள். மூங்கில் கம்பு காற்றை அறுக்கும் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, கரகத்துக்கு முன்னால் முதல் கம்பு எடுப்பவர் அப்பாதான். அவருக்கு முன் அந்த இடத்தில் அவருடைய வாத்தியார் நின்றிருந்தார்.

இன்ஜின் உதைத்தது மாசியில். வலது மணிக்கட்டு. கட்டு போடுகிறவர் ஒருவரிடம் போய், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பங்குனி முழுக்க அந்தக் கட்டிலிருந்து ஒரு புளித்த வாடை வீசியது. சித்திரையில் கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்கின, எதையும் பிடிக்க முடிந்தது. ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் திருப்ப முடியவில்லை. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினபோது, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

கம்பாட்டம் முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குத் தோள் சுற்றுகிற மாதிரி தெரியும், சுற்றுவது மணிக்கட்டு. அது இல்லாவிட்டால் கம்பு வெறும் கழி.

டாக்டர் சொன்னதை அப்பா ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. "எலும்பு இன்னும் கூடல. ஆடிக்குள்ள சரியாயிடும்" என்று பையன்களை அனுப்பிவிட்டு, பகலெல்லாம் இன்ஜின் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மா கொண்டுபோன கூழ் ஆடை கட்டித் திரும்பி வரும். அவருக்கு இன்ஜின் மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். இடது கை என்று மரியாதையாக எழுதலாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், பந்தியில் பீச்சாங்கையால் சோறு போட்டுவிட்டாள் என்று பெரியவர் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனாராம். அதற்குப் பிறகு சாப்பிடுவதற்கும் பரிமாறுவதற்கும் சோற்றுக்கையைப் பழக்கிக்கொண்டாள். அறுப்பில் மட்டும் அவளால் முடியவில்லை. வரிசையில் நின்றால் பக்கத்து ஆளின் அரிவாளோடு அவள் அரிவாள் மோதும் என்பதால் எப்போதும் கடைசி ஆளாகத்தான் நிறுத்துவார்கள். கொல்லரிடம் சொல்லி, பல் மாற்றி வெட்டிய அரிவாள் ஒன்று வைத்திருந்தாள். அதை வேறு யார் எடுத்தாலும் அறுக்காது.

ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் அம்மாவும் நானும் மல்லாட்டைச் செடியைக் குவித்துப்போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் லீவு. வெயில் ஏறி, மண்ணும் பச்சைக் கடலையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்பா எங்களைக் கவனிக்காமல், ஓரத்தில் சாத்தியிருந்த கம்பை இடது கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். அது பாதிச் சுற்றிலேயே திரும்பி வந்து அவர் காதில் பட்டென்று அடித்தது.

அம்மா சிரித்துவிட்டாள்.

அப்பா கம்பை வீசி எறிந்தார். "சிரிப்பியா? வாழ்க்கையே போயிட்ச்சி, உனுக்கு சிரிப்பு வருதா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கம்பை எடுத்தாள். அதுவரை அந்தக் கம்பைப் பெருக்கும்போது நகர்த்தி வைத்ததோடு சரி. இடது கையால் பிடித்து, "இப்டித்தான சுத்துவீங்க?" என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்று முழுசாக வரவில்லை. ஆனால் கம்பு அவள் கைக்கு அடங்கி நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "இன்னொரு தபா பண்ணு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கம்பைப் பற்றி எல்லாம் அப்பாவுக்குத் தெரியும்; இடது கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு நேர் எதிர். அப்பா வாயால் சொல்வார், அம்மா இடது கையால் செய்வாள், அதை எதிரில் நின்று பார்த்து அப்பா தன் இடது கைக்குக் கொண்டுவருவார். முதலில் ஒரே குழப்பம். அப்பாவின் நாக்கில் இருந்த பாடமெல்லாம் வலது கைக்கானது. வலது கால் முன்னே என்பார், அம்மா வைப்பாள், கம்பு முட்டியில் இடிக்கும். "இது தப்பா கீதே" என்று அம்மா தானாகக் காலை மாற்றி வைப்பாள். சரியாக வரும். அப்பா கண்ணை மூடி யோசித்து, "ஆமா, அதான் சரி" என்பார். சொல்லிக்கொடுக்கிறவர் யார், கற்றுக்கொள்கிறவர் யார் என்று கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இரண்டு வாரம் போனதும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "கம்பு கெடக்கட்டும். இந்தக் கை இன்னும் உனுக்கு வெளியாளா கீது. மொதல்ல இத வூட்டுக் கையா ஆக்கு."

அம்மா வழக்கமாக அப்பாவிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். இந்தப் பாடம் ஆரம்பித்ததிலிருந்து, கம்பு கையில் இருக்கும்போது மட்டும் அது தானாக உதிர்ந்துவிடும். அப்பா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அப்பா இடது கையால் வாசல் பெருக்கினார். தண்ணீர் சேந்தினார். அம்மாவின் அரிவாளை வாங்கிப் புல் அறுத்தார். அது யாருக்கும் அறுக்காத அரிவாள் என்றேனே, அவருக்கு அறுத்தது. "ஈ ஒக்காந்தாகூட இந்தக் கையாலதான் ஓட்டணும்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் வலது கை சும்மா இருக்காது. கம்பு நழுவினால் ஓடிவந்து பிடிக்கும். ஒருநாள் அம்மா தன் பழைய புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்து, அந்தக் கையை அப்பாவின் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கட்டிவிட்டு எதிரில் நின்று, அவர் தோளைத் தூக்கும்போதெல்லாம் தோளில் கம்பால் ஒரு தட்டு, காலை விரிக்க மறந்தால் கெண்டைக்காலில் ஒரு தட்டு.

"எத்தினி வாட்டி சொல்றது? தோள எறக்கு!"

அதைத்தான் அத்தை பார்த்தாள்.

அப்பாவின் அக்கா பக்கத்து நிலத்துக்காரி. பனைமட்டை வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவள், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். தம்பியின் கையைக் கட்டிப்போட்டு அவன் பொண்டாட்டி கம்பால் அடிக்கிறாள். ஊருக்கே கம்பு சொல்லிக்கொடுத்தவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறான். இப்போது யோசித்தால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் நின்று பார்த்திருந்தால் நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். நேராக வந்து கேட்டிருக்கலாம். கேட்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தழையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் போய் அழுதிருக்கிறாள். "கை போனதும் எந்தம்பிய இப்டிப் பண்றாளே!"

சேதி திண்டிவனம் வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு ரைஸ் மில்லில் டிரைவராக இருந்தார். பெரிய உடம்பு, சீக்கிரம் கண் கலங்குகிற மனுஷன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினார். வீட்டுக்குள் அத்தை, கோயில் பெரியவர், பங்காளிகள் சிலர் உட்கார்ந்தார்கள். அம்மா கதவோரம் நின்றாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, நேராவே கேக்கறேன்" என்றார் மாமா. "எந்தங்கச்சி உங்கள கை நீட்டி அடிக்கிறாளா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

அவர் சொல்ல வேண்டியது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிறேன். கை இனிமேல் வராது என்பதைச் சொல்ல வேண்டும். அம்மனுக்கு முன்னால் பீச்சாங்கையால் கம்பெடுக்கப் போகிறேன் என்பதைக் கோயில் பெரியவர் முன்னால் சொல்ல வேண்டும். பெண்டாட்டியிடம் பாடம் கேட்கிறேன் என்பதைப் பங்காளிகள் முன்னால் சொல்ல வேண்டும். ஒன்று சொன்னால் மூன்றும் வெளியே வந்துவிடும்.

"வுடுங்க மச்சான்" என்றார் அப்பா. "வூட்டு விஷயம்."

அது போதும். அடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மாமா முகம் கறுத்துவிட்டது.

"நீ சொல்லு" என்று அம்மாவிடம் திரும்பினார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "எனுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லண்ணே" என்றாள்.

"அப்ப கெளம்பு. கொஞ்ச நாளு அங்க வந்து இரு. இங்க இருந்து இன்னும் பேரு கெட வேணாம்."

அம்மா என் பாவாடை சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு மாமாவின் பின்னால் நடந்தாள். வாய்க்கால் கரையில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

திண்டிவனத்தில் மாமா வீடு மில்லுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. நெல் வேகிற ஆவி நாள் முழுக்க வீட்டுக்குள் வரும். தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனை. மாமா தினமும் சாப்பிட உட்காரும்போது, "ஆம்பளய அடிக்கலாமா? உனுக்கு இன்னா கொற வெச்சான்?" என்று ஆரம்பிப்பார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். "உங்கப்பா சொல்லட்டும். நீ சொன்னா அது அவுரு சொன்னதா ஆவாது."

அப்பா வந்தது ஒரு வெயில் நேரத்தில். இரண்டு கம்புகளோடு வந்தார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பஸ்ஸுக்குள் விடமாட்டேன் என்று தகராறு செய்து, கடைசியில் கம்புகளை மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். முகமெல்லாம் புழுதி. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அப்பா இடது கையை நீட்டி வாங்கினார். மாமா புருவத்தைச் சுருக்கினார். அப்பா குடித்து முடித்து, வலது கையை அவர் முன்னால் நீட்டினார்.

"திருப்பிப் பாருங்க மச்சான்."

மாமா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்பா பல்லைக் கடித்தார்.

"இது இனிமே இப்டித்தான். டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு. பீச்சாங்கையில மறுபடி ஆரம்பிக்கறேன். சொல்லித் தர்றது உங்க தங்கச்சி. அவ என்ன அடிக்கல. வாத்தியாரு தட்டுற தட்டு அது. நானும் எம்புட்டுப் பசங்கள தட்டியிருக்கேன்."

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா! இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இந்தப் புள்ளைய வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேனா? தெனமும் சோத்துல ஒக்காந்து பேசினேனே!"

"அன்னிக்கு வாய் வரல மச்சான்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்கண்ணங்கிட்ட வாய் வந்திட்ச்சி. அன்னிக்கு ஒக்காந்துக்கினு இருந்தாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்ப வர்றேன். அதுவரைக்கும் பாடம் வேணும்னா இங்க வாங்க. பாடத்த நான் நிறுத்தல."

எனக்கு அன்று அம்மா மேல்தான் கோபம் வந்தது. அப்பா இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, கூடப் போனால் என்ன என்று அழுதேன். என் கல்யாணத்துக்கு அப்புறம்தான், அந்த இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. வரமாட்டேன், ஆனால் பாடத்தை நிறுத்தமாட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா நிலத்து வேலை ஓய்ந்த நாட்களிலெல்லாம் முதல் பஸ் பிடித்து வந்தார். ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கப் பழகினார்கள். நெல் கிண்டுகிற பெண்கள் காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் கேலி பேசினார்கள். பிறகு, "யக்கா, இந்தத் தபா அவர வுடாத" என்று அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மாமா எதிராளியாக நின்று, வீங்கின முழங்கையோடு வேலைக்குப் போனார். நானும் விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் அவள் செய்ததையெல்லாம் செய்தேன். ஆனியின் கடைசியில் அப்பாவின் கம்பு சத்தம் மாறியது. கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கை என்று சொல்ல முடியாது.

ஆடியில் கூழ் வார்க்கிற அன்று மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய்ப் பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டாள். வேப்பிலையும் கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் மணத்தன. கரகம் ஜோடித்து முடிந்தது. அப்பா இடது கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

கோயில் பெரியவர் மறித்தார். "இன்னாப்பா இது? அம்மன் எதிர்ல பீச்சாங்கையாலயா?"

"இந்தக் கைதான் பெரியப்பா கீது."

"அப்ப வேற ஆளு எடுக்கட்டும். சாமிக் குத்தம் ஆயிடும்."

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. அத்தை. "ஏன் பெரியப்பா, உள்ள நிக்கிறாளே ஆத்தா, அவளுக்கு எத்தினி கை? அதுல பாதி பீச்சாங்கைதான? அதுலயும் ஆயுதந்தான வெச்சிக்கினு கீறா?"

பெரியவர் கர்ப்பகிருகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒதுங்கினார். தம்பிக்காகத்தான் அத்தை பேசினாள் என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆட்டத்தில் இறங்குகிறவர் கம்பை மண்ணில் கிடத்தி, நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, தனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மேளம். அப்பா தன் வாத்தியாரின் பெயரைச் சொன்னார். மேளக்காரர் குச்சியை ஓங்கினார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு பேரு கீது" என்றார். "அன்னிக்கு எங்க வூட்ல வந்து ஒக்காந்தவங்க எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தக் கைக்கு வாத்தியாரு என் பொண்டாட்டி. கை கட்டி, தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்தா. அத சொல்ல வெக்கப்பட்டுக்கினு அவள ஊர வுட்டு அனுப்பினேன்."

பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். அதுவரை அப்பா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அன்றைக்கு அந்த இடத்தில் சொல்லப்பட வேண்டிய பெயர்.

சிலர் சிரித்தார்கள். மாமா விரலை மடித்து விசில் அடித்தார். பையன்கள் கூச்சல் போட்டார்கள். மேளம் எழுந்தது. அப்பா ஆடினார். இரண்டு இடத்தில் தடுமாறியதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் அத்தை வந்தாள். பின்னால் அவளுடைய கடைசிப் பெண், என்னைவிடச் சின்னவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தை அவளுடைய இடது கையைப் பிடித்து அம்மாவின் முன்னால் நீட்டினாள். புறங்கையில் கரண்டிக் காம்பு பட்ட தழும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

"இதுக்கும் பீச்சாங்கைதான்" என்றாள். "எங்கன்னா போய் வாழ வேணுமேன்னு அடிச்சி அடிச்சிப் பார்த்தேன். மாறல. இனிமே அடிக்கல. நீயே பாத்துக்கோம்மே."

அம்மா அந்தக் கையை வாங்கித் தழும்புகளைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய், கோயிலிலிருந்து வந்திருந்த கூழை ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். அம்மா சொம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கம்பு அப்பறம் புடிக்கலாம். மொதல்ல கூழக் குடி. இந்தக் கையாலயே வாங்கிக் குடி, கண்ணு."